முதுகில் இன்னொரு ஊசி

போன வாரம் ஹுஸ்னாவை மாடி அறையில் விட்டுவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வேறு எங்கே போவாள், பாவம்.

கதைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பேகம்பூரில் நூர் அகமது வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதே இல்லை, மூக்கு கூட்டிக்கொண்டு போய்விடும். கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்கிக் கொடுக்கிற குடும்பம். அவர் மனைவி ஜெய்தூன் பீவி. மகள் நர்கீஸைக் கட்டிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் அக்மல் அப்பாவோடு தொழிலில் இருக்கிறான். அக்மலின் மனைவிதான் ஹுஸ்னா. அவர்களுக்கு ஆறு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, மிஸ்பா.

மிஸ்பா ஆபரேஷனில் பிறந்தவள். அதற்காக ஹுஸ்னாவின் முதுகில் மரத்துப்போக ஓர் ஊசி போட்டார்கள். அந்த ஒரு ஊசி போதாதா நம் ஊர்களுக்கு! அதன் பிறகு முதுகு வலித்தால் ஊசி. குனிய முடியவில்லையா, ஊசி. பிள்ளையைத் தூக்கும்போது 'அம்மா' என்று முனகினால் அதுவும் ஊசி. தெருவில் பிள்ளை பெற்ற பெண்கள் ஒவ்வொருவரும் அந்த ஊசியைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்கிற நேரத்துக்குத் தவறாமல் காய்ச்சல் வந்தது. பால் கட்டியிருக்கும் என்றார்கள். தூக்கத்தில் தலையணை நனைய வியர்த்தது. பச்சை உடம்பு அப்படித்தான் என்றார்கள். ஆள் பாதியாக இளைத்துப் போனாள். பிள்ளை உறிஞ்சி எடுக்குதுல்ல என்று சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு காரணம் இருந்ததால் யாருக்கும் டாக்டர் ஞாபகமே வரவில்லை. இதை எழுதும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருவழியாக ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பில் அடுத்தடுத்த இரண்டு எலும்புகள் அரித்துப்போய், பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் அறிவுச்செல்வி படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“எலும்புல வர்ற டி.பி. மாதிரி இருக்கு. ஆனா வேற கிருமியும் இப்படி அரிக்கும், கட்டியும் இப்படி அரிக்கும். ஊசி விட்டு அந்த இடத்துலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் பாத்தாத்தான் எதுன்னு சொல்ல முடியும்” என்றார்.

வீடு வந்து சேர்வதற்குள் மற்ற எல்லாம் உதிர்ந்து ‘டி.பி.’ என்ற சொல் மட்டும் மிஞ்சியது.

அன்று சாயங்காலமே ஹுஸ்னாவின் தட்டும் டம்ளரும் மாடிக்கு ஏறின. பின்னாலேயே ஹுஸ்னாவும் ஏறினாள். மிஸ்பா கீழே மாமியார் அறையில் தங்கிவிட்டாள்.

*

இன்று வியாழக்கிழமை, அய்யலூர் சந்தை நாள். நாளைக்கு ஒரு நிக்காஹ் ஆர்டர் இருந்ததால் நூர் அகமது ஆடு பிடிக்க விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டார்.

மாடி அறை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். தொழில் இல்லாத நாட்களில் அண்டாக்களையும் கரண்டிகளையும் போட்டு வைக்கிற இடம் அது. கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்கு நடுவில் ஒரு கட்டில். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும்.

கீழே மிஸ்பா அழுதாள்.

பசி அழுகை. பெற்றவளுக்குத் தெரியாதா? ஹுஸ்னாவின் மார்பு அந்தக் குரலைக் கேட்டதுமே ஊறி ஜாக்கெட்டை நனைத்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. பவுடர் பால் கரைத்துக் கொடுத்திருப்பார்கள்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. ஜன்னலடியில் கிடந்தது. எப்போது கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெறுந்தரையில் நடந்து வந்ததும் தெரியவில்லை.

இது ஒரு வாரமாகவே இருக்கிறது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. முதுகு வலிக்கிறது என்று சொன்னதற்கே இந்தப் பாடு. கால் மரத்துப் போகிறது என்றால் பிள்ளையைத் தூக்கக்கூட லாயக்கில்லாதவள் என்று ஆகிவிடாதா?

தாய்வீட்டுக்குப் போகலாமென்றால் அங்கே அண்ணிக்கு இது மாசம். “ரிசல்ட்டு எல்லாம் தெரியட்டும்மா, செத்த பொறுத்து வாயேன்” என்று அண்ணன் நயமாகச் சொல்லிவிட்டான். நயமாகச் சொன்னாலும் கதவு கதவுதான்.

அக்மல் டீ ஃப்ளாஸ்க்கோடு மேலே வந்தான். வாசலிலேயே நின்றான். அவனுக்குப் பயமா, அம்மாவின் உத்தரவா, அவனுக்கே தெரியாது.

“சாப்டியா?”

“புள்ள பால் குடிச்சாளா?”

“குடிச்சிட்டாங்குறாங்க அம்மா.”

“என்னங்க, இங்க வாங்க. என் கால்ல கிள்ளுங்க.”

“என்ன வெளையாட்டு ஹுஸ்னா?”

“கிள்ளுங்களேன்.”

அவன் உள்ளே வந்து குனிந்து அவள் வலது பாதத்தில் லேசாகக் கிள்ளினான். அவள் முகத்தைப் பார்த்தான். அழுத்திக் கிள்ளினான். தோல் சிவந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“தெரியலையா?” என்றான்.

“தெரியல. இன்னிக்கி டாக்டரம்மா வரச் சொன்ன நாளு. என்னையக் கூட்டிட்டுப் போங்க.”

அக்மல் தடதடவென்று கீழே இறங்கினான். நேராக ஆட்டோவைக் கூப்பிடுவான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அம்மாவிடம் போனான்.

*

ஜெய்தூன் பீவியைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருமகள் பிள்ளை பெற்று வந்தபோது நாட்டுக்கோழி சூப்பு வைத்து ஆற்றி ஆற்றிக் குடிக்க வைத்தவள் அவள்தான். ‘என் மகளும் ஒண்ணு, நீயும் ஒண்ணு’ என்று சொல்லி, சொன்னபடி நடந்தும் காட்டியவள். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள். 

மாடிப்படியின் அடியில் நின்று அவள் பேசியது மேலே தெளிவாகக் கேட்டது.

“ஒரு ஊசி போட்டதுக்கே புள்ள இந்தக் கதியில கெடக்கா. இன்னொரு ஊசிய அதே முதுகுல எறக்கி மொத்தமாப் படுக்க வைக்கப் போறியா?”

“கால் மரத்துப் போச்சும்மா. கிள்ளுனாத் தெரியல.”

“பாத்தியா, பாத்தியா! ஊசி போட்ட நரம்புதான் கால் வரைக்கும் எறங்குது. நான் அன்னிக்கே சொன்னேன்.”

“டாக்டர் வரச் சொன்னாங்கம்மா.”

“பெரிய ஆஸ்பத்திரிக்கா? பேகம்பூருல பாதிப்பேரு அங்கதான் நிப்பாங்க. நூர் அகமது வீட்ல டி.பி.ன்னு ஒருத்தி வாயில வந்தாப் போதும். அப்புறம் எவன் நம்ம கையால சோறு திம்பான்? ஆர்டர் குடுத்தவனெல்லாம் அம்புட்டுப் பேரும் ஓடிருவான்.”

“அதுக்காக…”

“மாத்திரைதான வேணும்? ஊசி கீசி ஒண்ணும் வேணாம். தெரிஞ்சவங்ககிட்ட வாங்கிக்கலாம். காலைல வெறும் வயித்துல போட்டா ரெண்டு மாசத்துல சொகமாயிரும். ஒண்ணுக்கு மட்டும் செவப்பாப் போகும், அதுக்குப் பயப்படக் கூடாது. அத்தா சந்தைலேர்ந்து வரட்டும், பேசிக்கலாம்.”

அத்தா வரட்டும். அந்த வீட்டில் எதையும் ஒத்திப்போட வேண்டுமானால் இப்படிச் சொல்வதுதான் வழக்கம்.

ஹுஸ்னா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படியின் உச்சியில் நின்றிருந்தாள். காலைத் தூக்கி வைத்தால் அது எங்கே போய் விழுமென்று அவளுக்கு நம்பிக்கையில்லை. அதனால் உட்கார்ந்தாள். குழந்தைகள் படி இறங்குவதுபோல, கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கத் தொடங்கினாள். ஒவ்வொரு படிக்கும் முதுகில் கத்தி ஏறி இறங்கியது. வாய்விட்டு அழுதுகொண்டேதான் இறங்கினாள், ஆனால் நிற்கவில்லை.

அம்மாவும் மகனும் பேச்சை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

“அல்லாவே! விழுந்து தொலைக்கப் போறா. அக்மலு, புடிடா அவள!”

அக்மல் நாலெட்டில் ஏறி அவளைத் தாங்கிக்கொண்டான். கடைசிப் படியில் அவளை உட்கார வைத்தான். எதிரே ஜெய்தூன் பீவியின் தோளில் மிஸ்பா. அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை கையை நீட்டித் துள்ளினாள். ஹுஸ்னாவும் கையை நீட்டினாள்.

ஜெய்தூன் பீவி ஒரு அடி பின்னால் போனாள்.

“வேணாம்மா. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நீட்டிய கையை ஹுஸ்னா மடக்கிக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்து, “ஆட்டோவக் கூப்புடுறீங்களா, நான் இப்படியே தெரு வரைக்கும் உக்காந்துக்கிட்டே போகவா?” என்று கேட்டாள்.

ஆட்டோ வந்தது.

*

டாக்டர் அறிவுச்செல்விக்குச் சத்தமாகப் பேசத் தெரியாது. திட்டும்போதுகூட மெதுவாகத்தான் திட்டுவார். சாவியின் முனையால் ஹுஸ்னாவின் உள்ளங்காலில் கோடு இழுத்துப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். அது பாதிதான் எழும்பியது.

“எவ்வளவு நாளா இப்படி?”

“ஒரு வாரமா மேடம்.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னாப் புள்ளைய வாங்கிருவாங்கன்னு பயந்தேன். சொல்லாமயே வாங்கிட்டாங்க.”

டாக்டர் நிமிர்ந்து அக்மலைப் பார்த்தார். அக்மல் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தான்.

“எதுக்கு வாங்கினாங்க? டி.பி. ஒட்டிக்கும்னா?” டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இங்க பாருங்க. இவங்க நுரையீரல் சுத்தமா இருக்கு. சளியும் டெஸ்ட் பண்ணியாச்சு, அதுலயும் ஒண்ணுமில்ல. முதுகெலும்புக்குள்ள இருக்குற கிருமி இருமல்ல வெளிய வராது, தட்டுல டம்ளர்ல ஒட்டாது. டி.பி.யாவே இருந்தாலும் இவங்க புள்ளையத் தாராளமாத் தூக்கலாம், பால் குடுக்கலாம்.”

ஹுஸ்னா ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தனை நாளும் அந்த அண்டாக்களுக்கு நடுவில் கிடந்தது ஒன்றுமில்லாததற்கா? அவள் இடத்தில் நானாக இருந்தால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே மாட்டேன். ஆனால் பிள்ளை அங்கே இருக்கிறதே.

“ஆனா ஒண்ணு கேக்கணும்” என்றார் டாக்டர். “இந்தக் கிருமி எலும்புல தானா முளைக்காது. யாரோ ஒருத்தரோட இருமல்லேர்ந்து இவங்க மூச்சு வழியா உள்ள வந்து, அப்புறம்தான் எலும்புக்குப் போயிருக்கணும். வீட்ல ரொம்ப நாளா யாருக்காவது இருமல் இருக்கா?”

“இல்ல மேடம்” என்றான் அக்மல் உடனே.

“எங்க வீட்ல எல்லாருமே இருமுவோம் மேடம்” என்றாள் ஹுஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மொளகா வறுக்குற வீடு. நெடி அடிச்சுக்கிட்டே இருக்கும்.”

“நெடி இல்லாதப்பவும் இருமுறவங்க? முன்னாடி யாராவது டி.பி. மாத்திரை சாப்ட்டு, பாதில விட்டவங்க? அப்படிப்பட்டவங்ககிட்டேர்ந்து வந்திருந்தா, அந்தக் கிருமி சாதாரண மாத்திரைக்கு அடங்காமப் போகலாம். அதனாலதான் கேக்குறேன்.”

“அப்படியெல்லாம் யாரும் இல்ல மேடம்.” இதையும் அக்மல்தான் சொன்னான். கொஞ்சம் வேகமாகவே சொன்னான்.

டாக்டர் தலையாட்டினார். “சரி, ஊசிக்கு ரெடி பண்ணச் சொல்றேன். இனிமே தள்ளிப்போட முடியாது. கால் இன்னும் வலுவிழந்துட்டா திரும்பக் கொண்டு வர்றது கஷ்டம்.”

ஹுஸ்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் சொன்னதை அவளும் பாதி நம்பியிருந்தாள் என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

“மொத ஊசியாலதான மேடம் இம்புட்டும்? மறுபடியும் முதுகுலயே…”

“அந்த ஊசி பாவம்மா. அது வேற எடம், வேற வேலை. இது அரிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல அது குறுக்க வந்து பேர் வாங்கிக்கிச்சு. அதுமேல பழி போட்டே இத்தன மாசம் போயிருச்சு. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு இந்த ஊசி சொல்லும். தெரியாம மாத்திரை குடுத்தா இருட்டுல கல்லெறியுற மாதிரி.”

“எடுங்க மேடம்” என்றாள் ஹுஸ்னா.

*

ஸ்கேன் அறை குளிர்ந்தது. அவளைக் கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். முகத்துக்கு ஒரு சின்னத் தலையணை, கைகள் இரண்டும் தலைக்கு மேலே. முதுகில் ஏதோ சில்லென்று தடவினார்கள்.

“மரத்துப்போக மருந்து போடுறோம். அப்புறம் அழுத்துற மாதிரி இருக்கும். எது நடந்தாலும் அசையாதீங்க. ஊசி எலும்புக்குள்ள இருக்கும்போது அசையவே கூடாது, சரியா?”

“சரி மேடம்.”

மருந்து ஊசி சுருக்கென்றது. அப்புறம் பெரிய ஊசி. வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளேயிருந்து தள்ளுவதுபோல ஒரு பாரம். ஹுஸ்னா கண்ணை இறுக மூடி, தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினாள். ஓதல் நடுவில் தடுமாறியது. டாக்டர் கேட்ட கேள்வி வந்து குறுக்கே நின்றது.

நெடி இல்லாதப்பவும் இருமுறவங்க?

நோன்பு மாசம் ஞாபகம் வந்தது. பகலெல்லாம் வீட்டில் அடுப்பே எரியாது. வறுக்கவும் மாட்டார்கள், இடிக்கவும் மாட்டார்கள். அப்போதும் மாமி இருமினாள். தொழுகை விரிப்பில் உட்கார்ந்துகொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். கேட்டுக் கேட்டு அந்த இருமல் சுவர்க்கடிகாரச் சத்தம்போல காதில் விழாமலே போய்விட்டிருந்தது.

அடுத்ததாகக் காலையில் படியடியில் கேட்டது ஞாபகம் வந்தது. வெறும் வயிற்றில் போட வேண்டும். ஒண்ணுக்குச் சிவப்பாகப் போகும், அதற்குப் பயப்படக் கூடாது.

மாத்திரையை எப்படிப் போட வேண்டும், போட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் இதுவரை அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமிக்கு எப்படித் தெரியும்?

ஹுஸ்னாவின் உடம்பெல்லாம் ஒரு முறை தூக்கிப்போடப் பார்த்தது.

“அசையாதீங்கம்மா!”

அசையவில்லை. அசையாமல் கிடந்தபடியே கண்ணுக்குள் மிஸ்பாவைப் பார்த்தாள். மிஸ்பா இப்போது எங்கே தூங்குவாள்? கட்டிலில் போட்டால் முழித்துக்கொள்கிறாள் என்று மாமி அவளை நெஞ்சின் மேலேயே போட்டுத் தூங்க வைப்பாள். பாசம்தான். வாய்க்கு நேரே பிள்ளையின் முகம் இருக்கும்.

ஒட்டாத நோய்க்காரியைப் பிரித்து மாடியில் ஏற்றினார்கள். பிள்ளையைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்!

எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் முதுகு அசையும். முதுகில் ஊசி நின்றது. பெற்றவளாகப் பிறந்ததற்கு இதைவிடவும் ஒரு தண்டனை வேண்டுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் தலையணையில் ஊற, அவள் கல்லாகக் கிடந்தாள்.

“முடிஞ்சுச்சு. ரொம்ப நல்லா ஒத்துழைச்சீங்க” என்றார் டாக்டர்.

*

வார்டில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வரை எழக் கூடாது, தானாகத் திரும்பிப் படுக்கவும் கூடாது. எடுத்த சதையும் சீழும் பரிசோதனைக்குப் போய்விட்டன.

அக்மல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காலையில் வாசலில் நின்றவன் இப்போது கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்து அவள் நெற்றியைத் துடைத்தான். அவன் மனசு நல்ல மனசுதான். முதுகெலும்புதான் அவள் முதுகெலும்பைவிட மோசம்.

“மாமி எப்பங்க டி.பி. மாத்திரை சாப்ட்டாங்க?” என்று கேட்டாள் ஹுஸ்னா.

அவன் கை நின்றுவிட்டது.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க.”

அக்கம்பக்கத்துக் கட்டில்களைப் பார்த்துவிட்டு அவன் குனிந்தான்.

“நர்கீஸ் நிக்காஹ் வருஷம். இருமல் நிக்கவேயில்ல. வெளியூர்ல ஒரு டாக்டர்ட்டக் காட்டுனோம். நான்தான் மாத்திரை வாங்கியாந்து குடுப்பேன். அத்தாவுக்கே தெரியாது. மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா நிக்காஹ் நின்னுபோகும்னு அம்மா அழுதுச்சு. யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

“முழுசாச் சாப்ட்டாங்களா?”

“ரெண்டு மாசத்துல இருமல் கொறஞ்சிருச்சு. கல்யாண வீட்டுக்கு ஆளுக வர ஆரம்பிச்சதும் மாத்திரையெல்லாம் எடுத்துத் தூரப் போட்டுருச்சு. சரியாயிருச்சுன்னுதான் நெனச்சோம் ஹுஸ்னா. சத்தியமா அப்படித்தான் நெனச்சோம்.”

“டாக்டர் அவ்வளவு கேட்டாங்க. இல்லன்னு சொன்னீங்களே.”

“அம்மாவ எப்படிக் காட்டிக் குடுக்குறது?”

“என்னைய மாடியில போட்டப்ப அது தெரியலையா உங்களுக்கு?”

ஹுஸ்னா அதற்கு மேல் அவனைத் திட்டவில்லை, திட்ட நேரமில்லை.

“புள்ள அவங்க நெஞ்சு மேல தூங்குறா. போய்ச் சொல்லுங்க டாக்டர்கிட்ட.”

“சொல்லிட்டா அம்மாவையும் இங்க கொண்டாந்து…”

“கொண்டாந்து சொகமாக்குவாங்க. எந்திரிங்க.”

அவன் எழுந்தான். எழுந்து நின்றானே தவிர, கால் நகரவில்லை. அதற்குள் டாக்டர் அறிவுச்செல்வியே வார்டுக்குள் வந்துவிட்டார். கட்டிலருகே வந்து ஹுஸ்னாவின் காலைத் தொட்டு விரலை அசைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்மலின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான். அம்மா.

“குடுங்க” என்று ஹுஸ்னா கையை நீட்டி வாங்கினாள். பேசுவதற்கு முன்னால் ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தன் நெஞ்சின் மேல் வைத்தாள்.

“அக்மலு, ஊசி போட்டுட்டாங்களா? அவ எப்படி இருக்கா?” ஜெய்தூன் பீவியின் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது. “புள்ளைக்கு ஒடம்பு லேசா சுடுது. பல்லு மொளைக்குற காய்ச்சல்தான், ஹுஸ்னாகிட்டச் சொல்லாத, பயந்துக்குவா. என் மேலயேதான் படுத்துக் கெடக்கா…”

பேச்சு இருமலில் முடிந்தது. ஒரு இருமல் இல்லை. நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு, மூச்சு வாங்க விடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. அதற்கு இடையில் மிஸ்பாவின் சிணுங்கல்.

டாக்டரின் கை ஹுஸ்னாவின் கால்விரலில் அப்படியே நின்றது.

“யாரு இருமுறது?” என்றார்.

மல்லாக்கப் படுத்தபடி ஹுஸ்னா புருஷனை மட்டும் பார்த்தாள். இதை அவன்தான் சொல்ல வேண்டும். இன்றும் சொல்லாவிட்டால் இனி அவனிடம் அவள் எதையும் கேட்கப் போவதில்லை.

“எங்கம்மா மேடம். மூணு வருஷத்துக்கு முன்னாடி டி.பி. மாத்திரைய ரெண்டு மாசம் சாப்ட்டுட்டு நிறுத்திட்டாங்க. நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

போனிலிருந்து வந்துகொண்டிருந்த இருமல் நின்றது. ஸ்பீக்கர் போட்டிருந்ததை அவன் மறந்தே போயிருந்தான்.

“அக்மலு…” என்றாள் ஜெய்தூன் பீவி. லைன் அறுந்தது.

திருப்பி அடித்தார்கள். ஸ்விட்ச் ஆஃப்.

“உடனே போங்க” என்றார் டாக்டர். “குழந்தைய இன்னிக்கே பாக்கணும். உங்கம்மாவையும் பாக்கணும். பயமுறுத்தாமக் கூட்டிட்டு வாங்க.”

அக்மல் ஓடத் திரும்பியபோது ஹுஸ்னா அவன் சட்டையைப் பிடித்தாள்.

“புள்ளைய மட்டும் புடுங்கிட்டு வந்துராதீங்க. என்னைய ஒதுக்குன மாதிரி அவங்கள ஒதுக்கிராதீங்க. ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க.”

அவன் போனையும் நர்ஸின் நம்பரையும் வாங்கிக்கொண்டு ஓடினான். 

ஆஸ்பத்திரிக்கும் பேகம்பூருக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. ஹுஸ்னாவுக்கு அது முடியவே மாட்டேன் என்றது. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் ஏதோ கேட்டதற்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பால் குடிக்கிற நேரம் வந்துவிட்டிருந்தது. மார்பு கனத்து வலித்தது.

அக்மலின் போனிலிருந்து நர்ஸின் நம்பருக்கு அழைப்பு வந்தது. நர்ஸ் கொண்டுவந்து அவள் காதில் வைத்தாள்.

“ஹுஸ்னா” என்றான். மூச்சிரைத்தது. “வீடு பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்ல கேட்டேன். அம்மா புள்ளையத் துணியில சுத்திக்கிட்டு, ஆட்டோவுல ஏறிப் போனாங்களாம். எங்கன்னு யாருக்கும் தெரியல.”

ஹுஸ்னா எழப் பார்த்தாள். நர்ஸ் அவள் தோளிரண்டையும் பிடித்து மெத்தையில் அழுத்தினாள்.

“அசையக் கூடாதும்மா” என்றாள்.